மேசையா, மடியா?

லேப்டாப்புக்குத் தமிழில் மடிக்கணினி என்று பெயர். மடியில் வைப்பதால் மடிக்கணினி என்கிறார்கள். மடித்து வைப்பதால் மடிக்கணினி என்றாலும் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. எப்படிப் பிரித்தாலும் பொருந்துகிற சொல். டெஸ்க்டாப்புக்கு மேசைக்கணினி. ஆனால் லேப்டாப்பை நிஜமாகவே மடியில் வைத்து வேலை பார்க்கிறவர்களை நான் ரயிலில்தான் பார்த்திருக்கிறேன். மற்றபடி எல்லா லேப்டாப்பும் ஏதாவது ஒரு மேசைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது. நம்ம ஊர் வெயிலில் அதை மடியில் வேறு வைத்துக்கொண்டால் தொடை வெந்துவிடும்.

சரி, ஒரு கேள்வி. ஒரு கணினி தான் மேசைக்கணினியா மடிக்கணினியா என்பது அதற்கே தெரியுமா? நாம் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவோம். மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லிவிடும். கணினியைக் கேட்டால் மூன்று இடத்திலிருந்து மூன்று பதில் வருகிறது. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, எங்கள் கல்லூரி சிஸ்டம் அட்மின் அண்ணனோடு சேர்ந்து இரண்டு வாரம் இந்த ஒரே கேள்வியைத் துரத்தும் வரைக்கும். கல்லூரியின் பெயர் வேண்டாம். அண்ணன் பெயரும் வேண்டாம், அவருக்கு விளம்பரம் பிடிக்காது.

கம்ப்யூட்டர் படிக்காதவர்களும் இந்தப் பக்கத்துக்கு வருகிறீர்கள் என்பதால் கொஞ்சம் அடிப்படை. (தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம்.)

ஒரு கல்லூரியில் முந்நூறு கணினி இருக்கிறது என்றால் ஒவ்வொன்றாகப் போய் செட்டிங் மாற்ற முடியாது. அதற்காக மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 2000-இல் ஆக்டிவ் டைரக்டரியையும் அதோடு சேர்த்து குரூப் பாலிசி என்ற ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. சர்வரில் ஒரு இடத்தில் விதியை எழுதி வைத்தால் போதும், டொமைனில் சேர்ந்த கணினிகள் எல்லாம் அதை எடுத்துக்கொள்ளும். ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்டன் அறை அறையாக வந்து சொல்வதில்லை. பசங்கதான் போய்ப் படித்துக்கொள்ள வேண்டும். கணினி காலையில் எழுந்ததும் ஒரு தடவை போய்ப் படிக்கும். அப்புறம் 90 நிமிடத்துக்கு ஒரு தடவை, எல்லாம் ஒரே நேரத்தில் முண்டியடிக்காமல் இருக்க அதோடு 30 நிமிடம் வரை ஏதோ ஒரு தாமதம் சேர்த்து, மறுபடி போய்ப் பார்க்கும்.

இப்போது நோட்டீஸ் தலைப்பில் 'இது தரைத்தள மாணவர்களுக்கு மட்டும்' என்று வார்டன் எழுதுகிறார் என்று வையுங்கள். யார் தரைத்தளம் என்று வார்டன் பார்ப்பதில்லை. படிக்கிற பையனே 'நான் தரைத்தளமா?' என்று தன்னைக் கேட்டுக்கொண்டு, ஆமாம் என்றால் கீழ்ப்படிகிறான், இல்லை என்றால் நகர்ந்துவிடுகிறான். இதுதான் டபிள்யூஎம்ஐ ஃபில்டர். விண்டோஸ் எக்ஸ்பி, சர்வர் 2003 காலத்தில் வந்தது. (அப்போது பழைய விண்டோஸ் 2000 மெஷின்களுக்கு இந்தத் தலைப்பு வரியைப் படிக்கவே தெரியாது. அவை ஃபில்டரைக் கண்டுகொள்ளாமல் விதியை அப்படியே எடுத்துக்கொண்டன. பல இடங்களில் அட்மின்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள்.) ஃபில்டர் என்பது ஒரு கேள்வி, அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குக் கணினியில் குறைந்தது ஒரு விடையாவது கிடைத்தால் விதி பொருந்தும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் பொருந்தாது.

இனி கதை.

எங்கள் கல்லூரியில் இரண்டு விதிகள். ஒன்று, மாலை 7 மணிக்கு எல்லா டெஸ்க்டாப்பும் தானாக அணைந்துவிட வேண்டும். காரணம் கரண்ட் பில். 60 மெஷின் உள்ள ஒரு லேபில், மெஷினுக்கு 60 வாட் என்று வைத்துக்கொண்டாலும் இரவு 14 மணி நேரத்தில் 50 யூனிட் சும்மா போகும். அதுவும் ஒரு லேபில் மட்டும். இரண்டாவது, பென்டிரைவ் வேலை செய்யக்கூடாது. இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. எங்கள் லேபில் ஒரு பென்டிரைவ் பத்து மெஷின் பார்த்துவிட்டு வந்தால் அதற்குள் என்னென்ன குடியிருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டும் டெஸ்க்டாப்புக்கு மட்டும். ஆசிரியர்களுக்குக் கல்லூரி கொடுத்திருக்கிற லேப்டாப்புகளுக்கு இல்லை. ஏனென்றால் அவை வீட்டுக்குப் போகும், செமினாருக்குப் போகும், வேறு கல்லூரியில் பென்டிரைவில் பிபிடி வாங்க வேண்டியிருக்கும். நியாயமான பாகுபாடுதான்.

இங்கேதான் ஒரு வேடிக்கையான சிக்கல் வருகிறது. லேப்டாப் எது என்று கண்டுபிடிக்க எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற கேள்வி, 'உன்னிடம் பேட்டரி இருக்கிறதா?' என்பதுதான். வின்32_பேட்டரி என்று ஒரு வகுப்பு இருக்கிறது, அதில் உள்ளதையெல்லாம் கொடு என்று கேட்டால் லேப்டாப்பில் ஒரு விடை வரும். டெஸ்க்டாப்பில் ஒன்றும் வராது. அருமை. ஆனால் நமக்கு வேண்டியது டெஸ்க்டாப். 'பேட்டரி இல்லாதவர்கள் மட்டும் கை தூக்குங்கள்' என்று இந்த மொழியில் கேட்க முடியாது! விடை வந்தால் சரி, வராவிட்டால் தவறு என்ற விதியால், இருப்பதைக் கேட்கலாம், இல்லாததைக் கேட்க முடியாது. லேப்டாப்பைக் குறிவைப்பது சுலபமாகவும் டெஸ்க்டாப்பைக் குறிவைப்பது கஷ்டமாகவும் இருப்பது இதனால்தான்.

அண்ணனுக்கு முன்னால் இருந்த அட்மின் இதற்கு ஒரு சுற்றுவழி செய்து வைத்திருந்தார். விதிகளை எல்லா மெஷினுக்கும் போட்டுவிட்டார். அதற்கு மேலே இன்னொரு ஜிபிஓ, பேட்டரி ஃபில்டரோடு, முன்னுரிமை அதிகம் கொடுத்து. அது என்ன செய்யும்? 7 மணி அணைப்பை நீக்கும், பென்டிரைவ் தடையையும் நீக்கும். அதாவது எல்லோருக்கும் தண்டனை, பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு விலக்கு. வேலை செய்தது. ஆண்டுக்கணக்கில் வேலை செய்தது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வேறு துறை மேடம் ஒருவர் பி.எச்டி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். பகலில் வகுப்பு, இரவில் வீட்டில் எழுத்து. கல்லூரி கொடுத்த பழைய லேப்டாப். அதன் பேட்டரி வயிறு உப்பிக்கொண்டு டச்பேடைத் தூக்க ஆரம்பித்ததால், சர்வீஸ்காரர் பேட்டரியைக் கழற்றிவிட்டு, சார்ஜரில் போட்டே ஓட்டுங்கள் மேடம் என்று சொல்லிவிட்டார். நம் ஊரில் இப்படி ஓடும் லேப்டாப்புகள் எத்தனையோ.

அந்த வாரத்திலிருந்து மேடம் வீட்டில் லேப்டாப் திடீரென்று அணைய ஆரம்பித்தது. பேட்டரி இல்லாத லேப்டாப் என்பதால் அவருக்கு இயல்பாகவே கரண்ட் மேல்தான் சந்தேகம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக் பாயிண்ட் மாற்றினார். சார்ஜரும் புதிது வாங்கினார். அப்புறம் ஒருநாள் அவருடைய மாமியார்தான் கண்டுபிடித்துச் சொன்னாராம்: "ஃபேன் ஓடுது, டிவி ஓடுது, உன் பொட்டி மட்டும் அணையுது. அதுவும் சீரியல் பாட்டு வர்றப்பதான் அணையுது." சீரியல் தொடங்குவது 7 மணிக்கு.

பேட்டரி இல்லை, எனவே விலக்கு இல்லை. கல்லூரி வளாகத்தில் இருந்தபோது அந்த லேப்டாப் நோட்டீஸ் போர்டைப் படித்து, 'நான் டெஸ்க்டாப்' என்று முடிவு செய்து, 7 மணி வேலையைத் தன் ஷெட்யூலில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறது. வீட்டில் கல்லூரி சர்வர் கிடையாது என்றாலும் எழுதிக்கொண்டது எழுதிக்கொண்டதுதான். அணைப்பு உத்தரவில் எச்சரிக்கை நேரமும் கொடுக்கவில்லை, திறந்திருக்கும் ஃபைலைப் பற்றிக் கவலையும் படாதே என்று வேறு போட்டிருந்தார்கள். லேபுக்கு அது சரி. வேர்டு சாதாரணமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் மீட்புப் பிரதி எடுக்கும். ஒன்பது நிமிடம் எழுதிய பத்தி போய்விட்டால் அது சின்ன இழப்பா என்று ஆய்வேடு எழுதியவர்களைக் கேளுங்கள்.

மேடம் புகார் கொடுக்க வந்தபோது நான் அங்கே இருந்தேன். அண்ணன் முதலில் "மேடம், வைரஸா இருக்கும்" என்றார். (எல்லா அட்மின்களும் முதலில் இதைத்தான் சொல்கிறார்கள். டாக்டர்கள் 'வைரல் ஃபீவர்' சொல்வது மாதிரி.) அப்புறம் ஜிபிரிசல்ட் என்ற கட்டளையை ஓட்டிப் பார்த்தோம். எந்த விதி பொருந்தியது, எது ஃபில்டரால் விலக்கப்பட்டது என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும். விலக்கு ஜிபிஓவுக்குப் பக்கத்தில் 'மறுக்கப்பட்டது, டபிள்யூஎம்ஐ ஃபில்டர்' என்று இருந்தது. காரணம் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது.

எனக்கு உறைத்தது அதற்கு அடுத்த விஷயம்தான். பேட்டரி இல்லாத லேப்டாப் டெஸ்க்டாப் ஆகிறது என்றால், பேட்டரி உள்ள டெஸ்க்டாப்? "அண்ணே, யூபிஎஸ்ஸு?" என்றேன். அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

வட இந்தியாவோ அமெரிக்காவோ எப்படியோ, தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் என்றால் யூபிஎஸ் உண்டு. 2008-இலிருந்து 2013 வரைக்கும் பவர்கட்டில் வளர்ந்த மாநிலம் இது. லேபுகளுக்குப் பெரிய யூபிஎஸ் தனி அறையில் இருக்கும், அது எந்தக் கணினியோடும் பேசுவதில்லை. ஆனால் ஆபீஸ் மேசைகளின் கீழே இருக்கும் சின்ன யூபிஎஸ்களில் சிலவற்றுக்குப் பின்னால் யூஎஸ்பி கேபிள் உண்டு. அதைக் கணினியில் சொருகினால், கரண்ட் போனதும் கணினி தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். நல்ல வசதி. ஆனால் விண்டோஸ் அந்த யூபிஎஸ்ஸைப் பேட்டரி என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. டாஸ்க்பாரில் லேப்டாப் போலவே பேட்டரி படம்கூட வந்துவிடும். வின்32_பேட்டரியைக் கேட்டால் விடை வரும்.

எந்தெந்த அறையில் இப்படிக் கேபிள் சொருகிய யூபிஎஸ் இருக்கிறது என்று தேடிக்கொண்டு போனோம். பிரின்சிபால் ஆபீஸ், அக்கவுண்ட்ஸ், எக்ஸாம் செல்.

எக்ஸாம் செல் என்று எழுதும்போதே உங்களுக்குப் புரிந்திருக்கும். இன்டர்னல் தேர்வுக் கேள்வித்தாள்கள் தயாராகும் மெஷின். கல்லூரியிலேயே பென்டிரைவ் தடை கண்டிப்பாக இருக்க வேண்டிய ஒரு கணினி எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். அதுதான் தன்னை லேப்டாப் என்று நினைத்துக்கொண்டு, ஆசிரியர்களுக்கான விலக்கை அனுபவித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்த சாரைக் கேட்டோம், "சார், இதுல பென்டிரைவ் எடுக்குமா?" "எப்பவும் எடுக்குமே தம்பி, மத்த சிஸ்டத்துலதான் எடுக்காது, அதனாலதான் எல்லாரும் இங்க வர்றாங்க" என்றார். எல்லாரும் இங்க வர்றாங்க! நல்லவேளை, அதுவரை எந்தக் கேள்வித்தாளும் வெளியே போனதாகத் தெரியவில்லை. அண்ணன் அன்று மதியம் சாப்பிடவில்லை.

சரி, பேட்டரியை விட்டுவிடுவோம். வேறு எதைக் கேட்கலாம்?

இரண்டாவது வழி, உடம்பைக் கேட்பது. கணினியின் பயாஸுக்குள் எஸ்எம்பயாஸ் என்ற அட்டவணை இருக்கிறது. அதில் கூடு எந்த வகை என்று ஒரு எண். 3 டெஸ்க்டாப், 6 மினி டவர், 7 டவர், 9 லேப்டாப், 10 நோட்புக், 13 ஆல் இன் ஒன் என்று பட்டியல் நீளும். 5 என்றால் பீட்சா பாக்ஸ், 16 என்றால் லஞ்ச் பாக்ஸ். விளையாட்டு இல்லை, நிஜமாகவே அப்படித்தான் பெயர். பின்னால் வந்தவற்றில் 30 டேப்லட், 31 மடக்கித் திருப்புகிற வகை, 35 மினி பிசி. அழகான பட்டியல், ஆனால் இரண்டு கோளாறு. ஒன்று, விண்டோஸ் இந்த எண்ணை ஒற்றை எண்ணாக அல்லாமல் வரிசையாக, அதாவது அர்ரேயாக வைத்திருக்கிறது. ஃபில்டர் கேள்வி எழுதும் மொழியில் அர்ரேயை நிபந்தனையில் வைத்துக் கேட்க முடியாது. ஸ்கிரிப்ட் எழுதினால் முடியும், ஃபில்டரில் முடியாது. இரண்டு, அந்த எண்ணை எழுதுவது மதர்போர்டு தயாரிப்பாளர். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த மெஷினில் கூடு என்னவென்று மதர்போர்டுக்கு எப்படித் தெரியும்? பல அசெம்பிள்டு மெஷின்களில் தயாரிப்பாளர் பெயர் கேட்டால் 'தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி அப்படியே கிடக்கும். விண்ணப்பத்தில் 'தந்தை பெயர்' என்ற கட்டத்தில் 'தந்தை பெயர்' என்றே எழுதிக் கொடுத்த மாதிரி.

மூன்றாவது வழிதான் ஓரளவு உருப்படி. வின்32_கம்ப்யூட்டர்சிஸ்டம் என்ற வகுப்பில் பிசிசிஸ்டம்டைப் என்று ஒரு பண்பு. விஸ்டாவிலிருந்து இருக்கிறது, எக்ஸ்பியில் கிடையாது. 1 டெஸ்க்டாப், 2 மொபைல், 3 வொர்க்ஸ்டேஷன், 4-லிருந்து பெரும்பாலும் சர்வர் வகைகள். 0 என்றால் 'சொல்லப்படவில்லை'. பேட்டரி இருக்கிறதா இல்லையா என்று இது பார்ப்பதில்லை. பயாஸ் எழுதியவர் 'இந்த மெஷினை எந்த வகையாக நினைத்து மின்சாரத்தை நிர்வகிக்க வேண்டும்' என்று குறித்து வைத்திருக்கிற எண்ணிலிருந்து எடுக்கிறது. மேடத்தின் லேப்டாப் பேட்டரி இல்லாமலும் 2 என்றது. எக்ஸாம் செல் மெஷின் யூபிஎஸ்ஸோடும் 1 என்றது. எனக்குச் சின்னதாக ஒரு சந்தோஷம். (இதையெல்லாம் பார்க்க முன்பு டபிள்யூஎம்ஐசி என்ற கட்டளை இருந்தது. புதிய விண்டோஸ் 11-இல் அது தானாக வருவதில்லை, பவர்ஷெல்லில்தான் கேட்க வேண்டும். கட்டளைதான் போனது, டபிள்யூஎம்ஐ அங்கேயேதான் இருக்கிறது.)

உடனே 'பிசிசிஸ்டம்டைப் 1' என்று ஒரு ஃபில்டர் போட்டு எல்லாவற்றையும் அதற்குக் கீழே வைத்துவிடலாம் என்றார் அண்ணன். இணையத்தில் தேடினாலும் பொதுவாக இதுதான் கிடைக்கும். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏனென்றால் எங்கள் லேபில் அசெம்பிள் மெஷின் ஒன்று 0 என்றது. மெக்கானிக்கல் துறையில் வரைபடம் போடும் பெரிய மெஷின் ஒன்று 3 என்றது. 1 என்று கேட்டால் இரண்டும் தப்பிவிடும். '2 அல்லாதவை' என்று கேட்டால் இரண்டும் மாட்டும். பேட்டரியில் முடியாத 'இல்லை'யை இங்கே கேட்க முடிகிறது, எண் என்று ஒன்று இருப்பதால். அப்படியானால் எது சரி?

எது சரி என்பது விதியைப் பொறுத்தது என்றுதான் நான் வாதாடினேன். ஃபில்டர் எப்படியும் ஒருநாள் தவறும். தவறும்போது யாருக்கு அடி விழுகிறது என்று பார்க்க வேண்டும். அணைப்பு விதி தவறுதலாக ஒரு லேப்டாப்பில் விழுந்தால் ஒருவருடைய எழுத்து போகிறது. ஒரு டெஸ்க்டாப்பில் விழாமல் போனால் இரவு முழுக்கக் கொஞ்சம் கரண்ட் போகிறது, அவ்வளவுதான். எனவே இந்த விதி, மெஷின் 'நான் 1' என்று வாய் திறந்து சொன்னால் மட்டும் பொருந்த வேண்டும். பென்டிரைவ் தடை நேர் எதிர். ஒரு லேப்டாப்பில் தவறுதலாக விழுந்தால் ஆசிரியர் வந்து சத்தம் போடுவார், பத்து நிமிடத்தில் சரிசெய்யலாம். ஒரு டெஸ்க்டாப்பில் விழாமல் போனால் யாரும் வந்து சொல்லவே மாட்டார்கள், எக்ஸாம் செல்லில் நடந்த மாதிரி. சத்தம் போடாத தவறுதான் ஆபத்து. எனவே அது '2 அல்லாத' எல்லாவற்றுக்கும். ஒரு ஜிபிஓவுக்கு ஒரு ஃபில்டர்தான் மாட்ட முடியும், ஆகவே இரண்டு விதியையும் இரண்டு ஜிபிஓவாகப் பிரிக்க வேண்டும். அண்ணன் முகத்தைச் சுளித்தாலும் பிரித்துவிட்டார்.

இன்னொரு வழியும் உண்டு. 2006-இல் மைக்ரோசாஃப்ட் டெஸ்க்டாப்ஸ்டாண்டர்ட் என்ற நிறுவனத்தை வாங்கி, அவர்களுடைய சரக்கை சர்வர் 2008-இல் குரூப் பாலிசி ப்ரிஃபரன்ஸஸ் என்று சேர்த்தது. அதில் ஒவ்வொரு செட்டிங்குக்கும் தனித்தனியாகக் குறிவைக்கலாம். 'பேட்டரி இருந்தால்', 'கையடக்க மெஷினாக இருந்தால்' என்றெல்லாம் தயாராகவே இருக்கிறது, 'இல்லாவிட்டால்' என்று திருப்பிப் போடவும் முடியும். ஆனால் பென்டிரைவ் தடை போன்ற பழைய வகை விதிகளுக்கு அந்த வசதி இல்லை. பேட்டரியைக் கேட்டால் அதே யூபிஎஸ் பிரச்சினை இங்கேயும் வரும்.

உண்மையில் எக்ஸாம் செல்லுக்கு ஃபில்டரே தேவையில்லை என்பது என் கட்சி. ஆக்டிவ் டைரக்டரியில் ஓயூ என்று தனித்தனி அறைகள் கட்டிக்கொள்ளலாம். அந்த மெஷினை ஒரு ஓயூவில் போட்டு, விதியை அதன் கதவிலேயே ஒட்டிவிட்டால் முடிந்தது. எந்த மெஷின் எங்கே இருக்கிறது என்று மனிதருக்குத் தெரியும்போது அதை ஏன் மெஷினிடம் கேட்க வேண்டும்? ஆனால் ஓயூவுக்கு ஒழுக்கம் வேண்டும். புதிதாக டொமைனில் சேரும் மெஷின் தானாகப் போய் விழும் இடத்தின் பெயர் 'கம்ப்யூட்டர்ஸ்', அது ஓயூவே கிடையாது, அதில் விதி எதையும் ஒட்ட முடியாது. யாராவது எடுத்துச் சரியான அறையில் வைக்க வேண்டும். அவசரத்தில் யாரும் வைப்பதில்லை. அதனால்தான் ஊரெல்லாம் ஃபில்டரை நம்பி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அண்ணன் ஒரு நோட்டில் மெஷின் பெயர், அறை எண், எந்த ஓயூ என்று கையால் எழுதி வைக்கிறார். அட்மின் வேலைக்கு இந்தக் காலத்தில் நோட்டா என்று கேட்காதீர்கள், சர்வர் படுத்தாலும் நோட்டு படுக்காது.

இதுவரை எழுதியது டெக்னிக்கல். எனக்கும் அண்ணனுக்கும் நிஜமாகச் சண்டை வந்தது வேறு இடத்தில்.

எல்லாம் சரியானதும், அணைப்பு விதி இப்போது மிகத் துல்லியமாக டெஸ்க்டாப்பில் மட்டும் விழுகிறது. டெஸ்க்டாப்பில் 7 மணிக்கு உட்கார்ந்திருப்பவர்கள் யார்? ஆசிரியர்கள் இல்லை. சொந்த லேப்டாப் வைத்திருக்கும் மாணவர்களும் இல்லை, அவர்கள் மாலை ஐந்துக்கே அறைக்குப் போய்விடுவார்கள். அவர்களுடைய லேப்டாப்புகள் டொமைனில் சேராதவை, கல்லூரி விதி எதுவும் அவற்றைத் தொடாது. 2011-இல் அரசு இலவச லேப்டாப் திட்டம் ஆரம்பித்தபோது என் அக்கா வயதுக்காரர்கள் பலருக்கு அதுதான் வீட்டுக்கு வந்த முதல் கணினி. என்னோடு படிக்கிறவர்களில் வாங்க முடியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மொபைலில் கம்பைலர் ஆப் போட்டுக் கோட் எழுதிப் பார்த்து, லேபுக்கு வந்து சரிபார்க்கிறவர்கள். புராஜெக்ட் மாதத்தில் 7 மணிக்கு லேபில் இருப்பது இவர்கள்தான். டெஸ்க்டாப்பைக் குறிவைக்கிற ஃபில்டர், சுற்றிச் சுற்றி இவர்களைத்தான் குறிவைக்கிறது.

"தம்பி, ரூல் மெஷினுக்குத்தான், ஆளுக்கு இல்ல" என்றார் அண்ணன். "மெஷினுக்குப் பசிக்குமாண்ணே, அசைன்மென்ட் இருக்கா?" என்றேன். கொஞ்சம் வாய்த்துடுக்குதான். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. லேபைத் திறந்து வைத்தால் ஒருவர் இருக்க வேண்டும், அந்த ஒருவர் அவர்தான், அவருக்கு ஓவர்டைம் கிடையாது. வீட்டில் சின்னக் குழந்தை.

ஒருவழியாகப் பேசி முடித்தது இது. லைப்ரரிக்குப் பக்கத்து லேபில் உள்ள மெஷின்கள் மட்டும் தனி ஓயூ. அங்கே லைப்ரரியன் எப்படியும் எட்டரை வரை இருக்கிறார், அண்ணன் இருக்கத் தேவையில்லை. அந்த ஓயூவுக்கு அணைப்பு நேரம் 8:30, ஊர்ப்பக்கம் போகிற கடைசி டவுன் பஸ் 8:50-க்கு. அணைவதற்குக் கால் மணி நேரம் முன்னால் 'சேவ் செய்துகொள்ளவும்' என்று திரையில் ஒரு செய்தி வரும், தமிழில். அந்தச் செய்தியை மற்ற லேபுகளுக்கும் போட்டாயிற்று. நேர மாற்றத்துக்கு மட்டும் எச்ஓடி கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். லெட்டர் எழுதிக் கொடுத்து எட்டு நாள் ஆகிறது. நாளைக்குப் போய்க் கேட்க வேண்டும்.